பெல்ட் கட்டாத தோட்டா

வெள்ளிக்கிழமை மதியம் ஐவர் ட்வெய்ட்டின் துப்பாக்கிக் கடையில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒரு தொப்பி இடம் மாறும். அப்போது குழப்பம் வரக்கூடாது.

கல்லாவுக்குப் பின்னால், உயரமான முக்காலியில், கடைக்காரர் ஐவர். கணப்புக்கு வலப்பக்கம், கடையில் மெத்தை வைத்த ஒரே நாற்காலியில், ஒஹையோவிலிருந்து வேட்டைக்கு வந்திருந்த பல் டாக்டர் பிரென்டன் லோவிட். கணப்புக்கு இடப்பக்கம், பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்து போய்விடுவேன் என்கிற தோரணையில், பண்ணைக்காரர் கார்ட்டர் நைஹோம். ஜன்னலோரம், சரக்கு வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல், தெருவைப் பார்த்தபடி வேட்டை வழிகாட்டி டெல்லா ஆஸ்பி. கல்லாவின் கண்ணாடிமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றவர் துப்பறியும் பெண்மணி ஆர்டித் ஸ்டெங்கல்.

ஆறாவது ஆள் ஆர்டித்தின் உதவியாளன் ராய்ஸ் டில்லார்ட். அவன் உட்காரவில்லை. இருபது வருஷம் ரோடியோ என்னும் காளைச் சவாரிப் போட்டி மைதானத்தில் கோமாளி வேஷம் கட்டிக் காளைகளுக்குப் போக்குக் காட்டியவன். ஒரு காளை அவன் காட்டிய போக்கை நம்பவில்லை. அன்றிலிருந்து மர இருக்கைக்கும் அவனுக்கும் ஆகாது. கதவருகே சுவரில் சாய்ந்து நின்றான்.

கணப்பின்மேல் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட மிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் இலவங்கப்பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள்கள். சுருளைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்னத் தெரியாதவன் வயோமிங்கில் பள்ளிக்கூடம் போகாதவன் என்று அர்த்தம். டாக்டர் லோவிட் நேற்று இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிட்டார். ஐவர் அதை மன்னித்துவிட்டார். கடையிலேயே விலை உயர்ந்த ரைஃபிளை வாங்கியவரை எதற்காகவும் மன்னிக்கலாம்.

விவகாரம் இதுதான். போன வாரம், டெல்லா வழிகாட்ட, டாக்டர் சேணப் பள்ளத்தில் ஓர் எல்க் மானைச் சுட்டார். சாதாரண மானில்லை, தலைமேல் பட்டமரத்தை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு கொம்பன். அது விழுந்த இடம் அரசு நிலம். அனுமதிச்சீட்டு உள்ளவர்கள் யாரும் சுடலாம். தப்பில்லை. ஆனால் அன்று மாலையே டாக்டர் ஊர் மதுக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்து, நாற்காலிமேல் ஏறி, "அறுநூத்தி நாப்பது கஜம்! ஒரே தோட்டா!" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நைஹோம் மட்டும் கை தட்டவில்லை. சியாட்டிலில் மென்பொருள் கம்பெனியை விற்றுவிட்டு, சேணப் பள்ளத்தை ஒட்டிப் பெரிய பண்ணை வாங்கி, சுற்றிலும் வேலி போட்டவர் அவர். மறுநாள் லேசர் தூரமானியோடு பள்ளத்துக்குப் போனார். கொம்பன் விழுந்த இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில், பள்ளத்துக்குள் பார்வை விழுகிற மேடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய வேலிக்குள் இருந்தது.

உடனே வழிகாட்டிகள் வாரியத்துக்குப் புகார் போய்விட்டது. வாடிக்கையாளரை அடுத்தவர் நிலத்துக்குள் கூட்டிப்போன வழிகாட்டிக்கு உரிமம் பறிபோகும். டெல்லாவிடம் அந்த உரிமத்தை விட்டால் சில கோவேறு கழுதைகள்தான் உண்டு. உரிமம் இல்லாவிட்டால் அவற்றுக்கும் தீனி கிடையாது. வாரியம் கூடுவது திங்கட்கிழமை.

டெல்லா எல்லோரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்: "நாங்க வேலியைத் தாண்டல." பின்னே எங்கிருந்து சுட்டீர்கள் என்று கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்வாள். டாக்டரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார், ஒரு வால் சேர்த்து: "வேலியைத் தாண்டல. ஆனா அறுநூத்தி நாப்பது கஜம்." இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கவேண்டுமானால் அன்று மலை நகர்ந்திருக்க வேண்டும். பனி உருகியதில் காலடிச் சுவடுகள் போய்விட்டன. தோட்டாவோ மானைத் துளைத்துக்கொண்டு போய் எந்தப் பாறைக்கடியில் கிடக்கிறதோ.

ஆர்டித்தை வரவழைத்தவர் ஐவர். ஓய்வு பெறும்வரை வனவிலங்கு வார்டனாக இருந்தவர் ஆர்டித். அந்த மாவட்டத்தில் வேட்டைக்காரர்கள் சொல்லும் எல்லாப் பொய்யையும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்.

"ஐவர், எனக்கு ஒரு ரைஃபிள் வேணும்," என்றார் ஆர்டித். "எல்க்குக்கு. தூரத்துல நின்னு சுடற மாதிரி. போல்ட் இழுத்துப் போடற ரகம்."

டில்லார்டுக்கே இது புதுச் செய்தி. வார்டனம்மாவிடம் ஏற்கெனவே ஒரு ரைஃபிள் உண்டு. தற்சமயம் அது தோட்டத்தில் தக்காளிக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"வார்டனம்மாவுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்றான். "அவங்க முறைச்சா மானே வந்து காலுல விழும்."

"நீ சும்மா இரு. அங்கேயே சாஞ்சிரு."

"எவ்வளவு தூரத்துக்கு வேணும்?" என்று கேட்டார் ஐவர்.

"அதைத்தான் டாக்டரைக் கேக்கலாம்னு வந்தேன். அவரை விடத் தூரமா சுட்டவங்க இந்த ஊருல யாரு இருக்கா?"

மெத்தை நாற்காலி கிரீச்சிட்டது. டாக்டர் எழுந்து கல்லாவுக்கு வந்தே விட்டார். தன் துறையில் யோசனை கேட்டால் மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள். தன் துறை அல்லாததில் கேட்டால் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுவார்கள்.

"நல்ல கேள்வி மேடம். மொதல்ல குழல். கனமா இருக்கணும். லேசான குழல் சூடானா வளைஞ்சு பேசும். ரெண்டாவது ஸ்கோப், குழல் மேல மாட்டற தொலைநோக்கி. அதுல காசைப் பார்க்கக் கூடாது. மூணாவது தோட்டா. நேரா, தாழாம பறக்கணும். என்னோடது முந்நூறு மாக்னம்ங்கற பெரிய ரகம்."

ஐவர் சுவரிலிருந்து இரண்டு ரைஃபிள்களை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியா என்று குனிந்து பார்த்து, திறந்தபடியே ஆர்டித்திடம் நீட்டினார். ஆர்டித்தும் வாங்கியவுடன் மறுபடி அறையைப் பார்த்தார். அந்த ஊரில் பைபிள் மேல் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்புவார்கள். "துப்பாக்கி காலி" என்றால் நம்பமாட்டார்கள்.

"இது லேசு," என்றார் ஐவர். "மலை ஏறும்போது இடுப்பு உங்களை வாழ்த்தும். சுடும்போது தோளு உங்களைத் திட்டும். அது கனம். தோளு வாழ்த்தும், இடுப்பு திட்டும்."

"ரெண்டும் வாழ்த்தற மாதிரி ஏதாவது?"

"வீட்டுல உக்காந்திருக்கலாம்."

டில்லார்ட் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "மேடம், என்னோடதையே பாருங்க. ஐவர், அதை எடுங்க. சுத்தம் பண்ணக் குடுத்திருந்தேனே."

உள்ளறையிலிருந்து டாக்டரின் ரைஃபிள் வந்தது. ஸ்கோப்பின் நீளத்தையும் தடிமனையும் பார்த்தால், மானுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்துக்கும் அவர் குறிவைத்திருந்தார் என்று தோன்றியது. ஐவர் கூடவே அதற்கான தோட்டா ஒன்றையும் கண்ணாடிமேல் நிறுத்தி வைத்தார். தடித்த பித்தளைத் தோட்டா. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு புடைத்த வளையம்.

"இதென்ன, இடுப்புல பெல்ட்டு?" என்றான் டில்லார்ட்.

"பெல்ட்டேதான். இந்த ரக மாக்னம் எல்லாம் பெல்ட்டு கட்டித்தான் வரும்."

"நியாயம்தான். என்னை மாதிரி உடம்பு வச்சிட்டா அவசியம்."

ஆர்டித் டாக்டரின் ரைஃபிளில் போல்ட்டை இழுத்துத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போல ஓடியது. "நல்லா ஓடுதே."

"இப்ப ஓடுது," என்றார் ஐவர். "வந்தப்போ போல்ட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. கல்யாணக் கேக்குக்கு சர்க்கரைப் பூச்சு பூசற மாதிரி கிரீஸ் பூசி வச்சிருந்தாரு."

"இவ்வளவு விலை குடுத்து வாங்கின பொருள். பாதுகாக்க வேண்டாமா?"

"ஒஹையோவுல பாதுகாக்கலாம் டாக்டர். இங்க மலைமேல வேற கதை."

"அன்னிக்குக் காலைல நல்ல குளிரோ?" என்றார் ஆர்டித், குழலுக்குள் பார்த்தபடி, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல.

"பயங்கரக் குளிர் மேடம்! தண்ணிக் குப்பியே உறைஞ்சு போச்சு."

"அந்தக் குளிர்ல கிரீஸ் என்ன ஆகும் ஐவர்?"

"மெழுகாயிரும். உள்ள தோட்டாவை இடிக்கற ஊசி வேகமா ஓடாது. விசையை இழுத்தா 'டிக்'னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். மான் திரும்பிப் பார்க்கும்."

"என்னோடது அப்படி ஆகல," என்றார் டாக்டர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜன்னலோரத்தில் டெல்லாவின் பூட்ஸ் கால் ஒன்று இடம் மாறியது. டில்லார்ட் அதைப் பார்த்தான். ஆர்டித் பார்த்தாரா என்று திரும்பினான். அவர் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுக் குழம்பை மோந்துகொண்டிருந்தார்.

நைஹோம் எழுந்துவிட்டார். "ஸ்டெங்கல், நீங்க துப்பாக்கி வாங்கறதைப் பார்க்கவா என்னை வரச் சொன்னீங்க?"

"சாப்பிட வரச் சொன்னேன். உக்காருங்க. டில்லார்ட், எல்லாருக்கும் ஊத்து."

டில்லார்ட் கிண்ணங்களில் குழம்பை ஊற்றினான். சுவரில் ஐவர் கைப்பட எழுதிய பலகை தொங்கியது: 'தொப்பியோடு சாப்பிடுகிறவருக்கு இங்கே சாப்பாடு இல்லை.' டாக்டர் தன் புதுத் தொப்பியைக் கழற்றி, விளிம்பு கீழே இருக்கும்படி பெஞ்சில் வைத்தார்.

"ஐயையோ டாக்டர்!" டில்லார்ட் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "விளிம்பைக் கீழே வச்சா அதிர்ஷ்டம் எல்லாம் ஒழுகிப் போயிரும். இப்படி, மல்லாக்க வைக்கணும்." தொப்பியைப் புரட்டிக் கல்லாமேல், ஆர்டித்தின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தான். கிண்டலுக்காகத்தான் வைத்தான். கடைசிவரை அதைத் திட்டமிட்டுச் செய்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

தொப்பியைச் சுற்றிய தோல் வாரில் ஒரு காலித் தோட்டாக் கூடு செருகியிருந்தது. துடைத்துத் துடைத்துத் தங்கம்போல் ஆகியிருந்தது.

"இதுதானா அந்தத் தோட்டா?" என்றார் ஆர்டித்.

"அதேதான்." டாக்டரின் குரல் கனிந்தது. "சுட்டு முடிச்சதும் டெல்லாவே பொறுக்கி என் கையில குடுத்தாங்க. சாகற வரைக்கும் வச்சிருப்பேன்."

"வழிகாட்டி பொறுக்கிக் குடுக்கறது வழக்கம்," என்றார் ஐவர், கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே.

"எடுத்துப் பார்க்கலாமா?"

"தாராளமா."

ஆர்டித் கூட்டை வாரிலிருந்து உருவி, கண்ணாடிமேல் நின்றுகொண்டிருந்த மாக்னம் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு ஒரு ரொட்டிச் சுருளைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து மெல்லத் தொடங்கினார்.

இரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று பெல்ட் கட்டியிருந்தது. இன்னொன்று கட்டவில்லை.

"டாக்டர்," என்றான் டில்லார்ட், "உங்க தோட்டா பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டு எங்க போச்சு? குளிக்கவா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு வாரமாக அதைத் துடைத்த மனிதர், முதல்முறையாக அதைப் பார்த்தார். "சுட்டதுல... அந்தச் சூட்டுல... அமுங்கிப் போயிருக்கும்."

"கூடு சூட்டுல ஊதும்," என்றார் ஐவர். "பெல்ட்டு அவுராது."

ஆர்டித் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, கூட்டின் அடியில் பொறித்திருந்ததைப் படித்தார். "முப்பது-நாட்-ஆறு. வேற அளவு. டாக்டர், இது உங்க ரைஃபிள்ல சுட முடியாத தோட்டா. ஐவர், இந்த ஊருல முப்பது-நாட்-ஆறு யாரு வச்சிருக்கா?"

"பாதி ஊரு வச்சிருக்கு."

"சேணத்துல சொருகிக்கிட்டு மலைக்குக் கொண்டு போறது?"

ஐவர் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஐந்து பேரின் கண்களும் ஜன்னலோரத்து முதுகின்மேல் இருந்தன. டெல்லாவின் ரைஃபிளை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ராணுவம் கழித்துப்போட்ட பழைய போல்ட் ரகம். கோவேறு கழுதை ஒன்று மிதித்ததில் கட்டை பிளந்து, கம்பி சுற்றி இறுக்கியிருக்கும்.

"அதுல ஸ்கோப் உண்டா?" என்றார் ஆர்டித்.

"கிடையாது," என்றார் ஐவர். "முன்னால ஒரு முள்ளு. பின்னால ஒரு பள்ளம். முள்ளைப் பள்ளத்துல நிறுத்திச் சுடணும்."

"அதை வச்சு அறுநூத்தி நாப்பது கஜத்துல எல்க்கைச் சுடலாமா?"

"எல்க்கைப் பார்க்கவே முடியாது. முள்ளே மறைச்சிரும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டாக்டர் வாயாலும் கெட்டார், தொப்பியாலும் கெட்டார். முகம் ரத்தமாகச் சிவக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டீங்களா? வாக்குக் குடுத்தீங்களே!"

டெல்லா அப்போதுதான் முதல்முறையாகத் தெருவிலிருந்து பார்வையைத் திருப்பினாள். "நான் வாயைத் திறக்கல டாக்டர். உரிமம் போகுதுன்னு தெரிஞ்சும் திறக்கல. கூட்டைப் பொறுக்கி உங்க கையில குடுத்தேன். ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி தலையில சொருகிக்கிட்டது நீங்க."

"ஆக," என்றார் ஆர்டித், "காலைல கிரீஸ் உறைஞ்சுது. உங்க துப்பாக்கி 'டிக்'னுச்சு. டெல்லா தன்னோடதைக் குடுத்தா. ஸ்கோப் இல்லாத துப்பாக்கியால சுடற தூரத்துலதான் நீங்க இருந்தீங்க. அந்தத் தூரத்துல சுத்தி நாலு பக்கமும் அரசு நிலம். வேலி பக்கத்துலயே இல்ல. இதை வாரியத்துக்கு ஒரு கடுதாசியா எழுதிக் குடுத்திருங்க. சாயங்காலத் தபால்ல போயிரும், திங்கட்கிழமை அவங்க கையில இருக்கும்."

டாக்டர் உட்கார்ந்தார். மெத்தை நாற்காலியில் இல்லை, பெஞ்சில். "எழுத மாட்டேன்."

டாக்டர் இரண்டு கையையும் விரித்தார்.

"அபராதம் எவ்வளவு வந்தாலும் நான் கட்டறேன். என் வக்கீல் பேசுவாரு. டெல்லாவைப் பத்தி இணையத்துல அஞ்சு நட்சத்திரம் போட்டு எழுதறேன். ஆனா இதை மட்டும் எழுத முடியாது. கொம்பை என் கிளினிக்ல மாட்டறதுக்குச் சுவத்துல இடம் கூடப் பார்த்தாச்சு. கீழ தூரத்தை எழுதி பித்தளைத் தகடு அடிக்கச் சொல்லியாச்சு. இந்த ஊரே என்னை நம்பிட்டிருக்கு."

டில்லார்ட் ஐவரைப் பார்த்தான். ஐவர் தொண்டையைச் செருமினார்.

"எந்த ஊரு?" என்றான் டில்லார்ட்.

"இந்த ஊரு! அன்னிக்கு மதுக்கடையில அத்தனை பேரும் கை தட்டினாங்களே!"

"நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க. தட்டாம இருந்தா மரியாதையா?"

ஐவர் முக்காலியிலிருந்து இறங்கினார். நல்ல வாடிக்கையாளரிடம் கெட்ட செய்தி சொல்லும் கடைக்காரரின் நடை. "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வெளியூர்க்காரங்க கஜம் சொன்னா நாங்க மனசுக்குள்ள வகுத்துக்குவோம். டெக்ஸஸ்காரர்னா எட்டால. கலிஃபோர்னியாக்காரர்னா ஆறால. வழிகாட்டி எப்பவும் திருத்த மாட்டாங்க, அது அவங்க தொழில் மரியாதை. நாங்களும் கேக்க மாட்டோம், அது எங்க மரியாதை. நீங்க கூடு சொருகின தொப்பியோட மொதல் தடவை கடைக்குள்ள வந்தப்பவே எனக்கு அந்தக் கூட்டுல பெல்ட்டு இல்லைன்னு தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றான் டில்லார்ட்.

"வாடிக்கையாளரோட கஜத்தைப் பத்தி நானே வாயைத் திறந்தா, நாளைலேர்ந்து மீன் தூண்டில்தான் விக்கணும். அதுக்குத்தானே வார்டனம்மாவைக் கூப்பிட்டேன்."

டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்போ யாருமே... ஒருத்தர் கூட நம்பலையா?"

பெஞ்சின் மறு நுனியில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

"நான் நம்பினேன்," என்றார் நைஹோம்.

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், டில்லார்ட் சத்தியம் செய்வான், நன்றி இருந்தது. அந்த மாவட்டத்திலேயே தன்னை நம்பிய ஒரே மனிதர், அந்தப் புகாரைக் கொடுத்தவர்.

"நான் வந்து அஞ்சு வருஷமாச்சு," என்றார் நைஹோம். அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது. "வகுத்துக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லல."

"நீங்க கேக்கல," என்றாள் டெல்லா. "வேலி போட்டீங்க."

நைஹோம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவரு எழுதிக் குடுத்தா, நானும் புகாரை வாபஸ் வாங்கறதா எழுதி அதே உறையில வைக்கறேன். எழுத்துல இல்லாம வாரியம் விடாது."

ஐவர் கல்லாமேல் காகிதத்தை வைத்தார். பேனாவை வைத்தார். டாக்டர் அவற்றைத் தள்ளி வைத்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கப் போனார். அந்தக் கூடு கண்ணாடிமேல் தனியாக நிற்பதைப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப வைத்தார், இந்தமுறை மல்லாக்க. பேனாவை எடுத்தார்.

உரிமம், பள்ளம், குளிர், கிரீஸ் எல்லாம் சரளமாக வந்தன. தூரம் எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"முந்நூறுன்னு போடலாமா?"

"முள்ளு," என்று ஞாபகப்படுத்தினார் ஆர்டித்.

"இருநூறு?"

"முள்ளு."

"நூத்தைம்பது. டெல்லா, நூத்தைம்பது இருக்குமில்ல?"

"கால்நடை ஏலத்துக்கு நிறையப் போயிருக்கேன்," என்றான் டில்லார்ட். "விலை ஏறும். இறங்கற ஏலத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"நூத்திருபது! அதுக்குக் கீழே ஒரு கஜம் கூட நான் இறங்க மாட்டேன்."

"டெல்லா, நீ சொல்லு," என்றார் ஆர்டித்.

"டாக்டர் என் வாக்கைத் திருப்பிக் குடுத்தாத்தான் சொல்லுவேன்."

டாக்டர் பேனாவின் மூடியை மூடினார். திறந்தார். "சரி. குடுத்துட்டேன்."

"முப்பத்தெட்டு," என்றாள் டெல்லா.

ஐவர் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். டில்லார்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆர்டித் அவன் காலை மிதித்தார்.

டெல்லா பெட்டியிலிருந்து எழுந்து கல்லாவுக்கு வந்தாள். "முழுசாக் கேளுங்க. விழுந்து கிடந்த பைன் மரத்துக்குப் பின்னால அது நின்னுச்சு. இவரு துப்பாக்கி 'டிக்'னதும் தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. நான் என்னோடதை நீட்டினேன். இவரு கை நடுங்குச்சு. மத்தவங்கன்னா நடுங்கற கையோடயே சுட்டிருப்பாங்க. இவரு சுடல. நடுக்கம் நிக்கற வரைக்கும் காத்திருந்தாரு, மான் ஓடிப்போனா போகட்டும்னு. அப்புறம்தான் சுட்டாரு. அது ஒரு அடி எடுத்து வைக்கல டாக்டர். தூரத்துல சுட்டேன்னு பீத்திக்கறவங்களோட நான் போயிருக்கேன். அடிபட்ட மானைத் தேடிக்கிட்டு பனியில ரத்தத்தைப் பார்த்து நடந்திருக்கேன். உங்களைப் பத்தி நான் சொல்லணும்னு நினைச்ச கதை இதுதான். நீங்கதான் வேற கதையைச் சொல்லிக்கிட்டீங்க."

டாக்டர் காகிதத்தை நேராக்கினார். குனிந்து எழுதினார். பல்லைப் பிடுங்குகிறவர்களுக்குத் தங்கள் பல் பிடுங்கப்படுவது எப்படி இருக்கும் என்று டில்லார்டுக்கு அன்றுதான் தெரிந்தது. எழுதி, படித்து, கையெழுத்துப் போட்டார். நைஹோமும் தன் பங்குக்கு நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, ஒரு ரொட்டிச் சுருளைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

"ரைஃபிள் என்ன ஆச்சு வார்டனம்மா?" என்றார் ஐவர். "லேசா, கனமா?"

"முப்பத்தெட்டு கஜத்துக்கு வீட்டுல இருக்கறதே போதும்."

"தக்காளி என்ன பண்ணும்?" என்றான் டில்லார்ட். காகிதங்களை மடித்து உறையில் போடப்போனவன், டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தான். அப்போதுதான் எழுதிய மை, காயவில்லை.

'பின்குறிப்பு: அன்று காற்று மிகவும் பலமாக வீசியது.'

காற்றில் சுடுவது கஷ்டம், சுட்டவருக்குப் பெருமை. டில்லார்ட் அதை ஆர்டித்திடம் காட்டினான். ஆர்டித் படித்துவிட்டு டெல்லாவிடம் நீட்டினார். டெல்லா நிதானமாகப் படித்தாள். சேணப் பள்ளத்தில், சுற்றிலும் மரம் அடர்ந்த அந்த இடத்தில், ஓர் இலையை அசைக்கிற காற்று கூட வருவதில்லை என்பது எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் டெல்லா. "நல்ல காத்து."

டில்லார்ட் உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினான். தபால்தலையை அமுக்கினான். தெருவைக் கடந்து, ஓடிக்கொண்டிருந்த தபால் வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தான்.